தொடப்படாத படம்

விடிந்ததும் நப்பின்னை வழக்கம்போல வானத்தை மாட்டினாள்.

செங்காட்டில் அது பல் தேய்ப்பது மாதிரி அன்றாட வேலை. செவ்வாய்க் கோளில் ஒரு பள்ளத்தாக்கின் ஓரமாக இருந்த அந்தக் குடியிருப்பில், வீடுகள் எல்லாம் கதிர்வீச்சுக்குப் பயந்து மண்ணுக்குள் புதைந்திருந்தன. சன்னல் வைத்தால் மண்தான் தெரியும். படியேறி மேலே வந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ‘குடை’ என்று மக்கள் அழைத்த பிரம்மாண்டமான கண்ணாடிக் கவிகை வழியாக, காலையிலிருந்து மாலைவரை ஒரே காவி வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்குச் சோறு இறங்காது என்று மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வான்திரை. அதில் அன்றைக்கு எந்த ஊர் வானம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து மாட்டிவிடுவது நப்பின்னையின் உத்தியோகம்.

அன்று அவள் மாட்டியது குற்றாலத்துச் சாரல். மாட்டி முடித்து வாயில் காப்பியை வைப்பதற்குள் குறைகள் வரத் தொடங்கின. நான்காம் வரிசையிலிருந்து ஒருவர், “மேகம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா” என்றார், ரசத்தில் புளி கூடிப்போன மாதிரி. இன்னொரு வீட்டுக்காரி, “எனக்கு மட்டும் வெயில் போடு நப்பின்னை, துணி காயப்போட்டிருக்கேன்” என்றாள். திரையில் தெரியும் வெயிலில் துணி காயாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சாரலைப் பார்த்துக்கொண்டே ஈரத்துணியைக் கொடியில் போட அவளுக்கு மனம் வரவில்லை. நப்பின்னை அந்த வீட்டுக்கு மட்டும் வெயில் போட்டாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்கு ஊர்ப்படம் என்று பெயர். செங்காட்டுக்காரர்கள் பூமியில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு அனுப்பும் எந்தப் படமும் அவள் கை பட்டுத்தான் போகும். செவ்வாயில் எடை குறைவு. கொஞ்ச நாளில் கன்னம் ஒட்டிவிடும், கண்ணுக்குக் கீழே கருப்பு விழும், தோல் வெளிறிப் போகும். அதை அப்படியே அனுப்பினால் ஊரில் இருக்கும் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? முதல் கப்பலில் வந்தவர்கள் காலத்திலேயே அந்தப் பழக்கம் ஆரம்பித்துவிட்டது. நப்பின்னை கன்னத்துக்குச் சதை வைப்பாள், கருப்பைத் துடைப்பாள், பின்னால் இருக்கும் காவியை எடுத்துவிட்டு நீல வானம் வைப்பாள். வைத்த சதை வைத்த மாதிரி தெரியாது, அவ்வளவு பதம். படம் போய்ச் சேர்ந்ததும் பூமியிலிருந்து, “நல்லா தேறிட்டேடா” என்று பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்காகச் செங்காடே அவளைக் கொண்டாடியது.

கொண்டாடாத ஒரே ஆள் அவள் கணவன் மருதவாணன்.

மருதவாணன் தாவரவியல் படித்தவன். குடைக்குக் கீழே வளர்ந்த கீரை, தக்காளி, உருளை எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் அவன் உயிரெல்லாம் நடுத்திடலில் நின்ற ஒரு மரத்தின் மேல் இருந்தது. அது மரமல்லி. பூமியிலிருந்து விரல் நீளக் கன்றாக அவன் மடியில் வைத்துக் கொண்டு வந்தது, இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. வளர்ந்ததே ஒழிய, ஒரு மொட்டுகூட வைத்ததில்லை. அதற்காக அவன் மண்ணை மாற்றிப் பார்த்தான், விளக்கை மாற்றிப் பார்த்தான், ஒரு தடவை மரத்தோடு சண்டைகூடப் போட்டான். ஒப்பனை என்றாலே அவனுக்குப் பிடிக்காது. மனைவி வேலை பார்க்கும்போது பின்னால் வந்து நின்று, “சமையல்காரன் சீனிச்சாமிக்கு இந்த ஜென்மத்துல இல்லாத முடியெல்லாம் முளைக்குதே” என்பான்.

“உன் மரத்துலதான் எதுவும் முளைக்கமாட்டேங்குது. நானாவது முளைக்க வைக்கிறேன்” என்பாள் அவள்.

வேடிக்கையாகச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. செங்காட்டுக்குத் தண்ணீரும் தளவாடமும் அனுப்பிப் படியளந்தது பூமியில் இருந்த தொலைக்குடி வாரியம். சாப்பிட எதுவும் தராத மரத்தை வளர்க்க வேண்டுமானால், அது மனதுக்கு மருந்து என்று வாரியத்துக்குக் காட்டியாக வேண்டும். பச்சை இலை பார்க்கக் கீரை போதும் என்பது வாரியத்தின் கட்சி. மரம் என்றால் பூக்க வேண்டும். வாரியம் வைத்த கெடு முடிவதற்குள் பூக்காத மரம் கரைகலத்துக்குப் போகும். கரைகலம் என்பது வெட்டிய மரத்தைக் கூழாக்கி, அது குடித்த தண்ணீரை எல்லாம் திரும்பக் கறந்துகொள்ளும் எந்திரம். அதன் வாயில் மரமல்லியை நினைத்துப் பார்த்த நாட்களில் மருதவாணன் சாப்பிடவில்லை.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மரமல்லி மொட்டு வைத்தது.

முதலில் பார்த்தவன் சமையற்கூடத்துச் சீனிச்சாமி. கீரை பறிக்க வந்தவன் கூடையைப் போட்டுவிட்டுக் கத்திய கத்தலில், காற்றுக் கசிவோ என்று பயந்து பாதிப் பேர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அடுத்த சில நாட்களில் மொட்டுகள் நீண்டன. ஒரு சாயங்காலம், குடையின் காவி மெல்ல மங்கிக்கொண்டிருந்தபோது, கொத்துக் கொத்தாக எல்லாம் ஒன்றாக அவிழ்ந்தன.

அந்தக் காட்சியை என்ன சொல்லி விளக்குவது? பூமியில் மரமல்லிப் பூ நீளக் காம்போடு தலைகீழாகத் தொங்கும். செவ்வாயில் எடை பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதனால் இங்கே பூக்கள் தொங்கவில்லை. பாதி நிமிர்ந்து, யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது மாதிரி நான்கு திக்கிலும் முகம் காட்டிக்கொண்டு நின்றன. வெள்ளை இதழ்களில் காவி வெளிச்சம் பட்டுப் பழுத்த தந்தம் மாதிரி ஒரு நிறம் வந்திருந்தது. அந்த நிறத்துக்கு மனிதர்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. பூமியில் பொத்தென்று விழும் பூ இங்கே காம்பைச் சுழற்றிக்கொண்டு, யோசித்து யோசித்து இறங்கியது. அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டினால் ஆற அமர வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. வாசனை குடை முழுக்க நிறைந்தது. இயந்திர எண்ணெயும் வியர்வையும் தவிர வேறு எதையும் முகர்ந்து பழகாத குழந்தைகள் தும்மின. பெரியவர்களில் பலர் அழுதார்கள். மருதவாணன் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்கவே இல்லை.

நப்பின்னை அவன் பக்கத்தில் போய் நின்றாள். எத்தனையோ வானங்களை மாட்டியவள்தான். இப்படி ஒன்றைத் தன்னால் செய்திருக்க முடியாது என்று அவளுக்கு உடனே புரிந்தது. அதில் அவளுக்குப் பொறாமை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

மறுநாள் வாரியத்துக்குப் படம் எடுக்க வேண்டும். அதற்கும் சட்டம் இருந்தது. வேறொரு குடியிருப்பில் காகிதப் பூவை ஒட்டிப் படம் எடுத்து அனுப்பிய பிறகு வாரியம் உஷாராகிவிட்டது. குடியிருப்பு மக்கள் எல்லாரும் மரத்தோடு நிற்க வேண்டும். படத்தை யாரும் தொட்டுத் திருத்தியிருக்கக் கூடாது. தொட்டிருக்கிறார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சான்றுக்கண் என்று ஒரு செயற்கை அறிவை வைத்திருந்தார்கள். அது தொட்ட படம் என்று சொல்லிவிட்டால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் கரைகலம்.

“பின்னை, ஒன்னே ஒன்னு கேக்கறேன்” என்றான் மருதவாணன். “தொடாதே.”

“எதை?”

“எதையுமே. ஒரு புள்ளியைக்கூட.”

“சரி.”

“சத்தியமா?”

“உன் மரத்து மேல சத்தியம், போதுமா?”

அவன் அதற்குப் பிறகுதான் காப்பி குடித்தான்.

குடியிருப்பே குளித்து, இருப்பதில் நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி நின்றது. கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நப்பின்னையிடம் ஒவ்வொருவராக வந்து காதைக் கடித்தார்கள். ஒருத்தருக்குத் தொப்பை, ஒருத்திக்குப் பல், ஒரு புதுமாப்பிள்ளைக்குத் தான் மனைவியைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிய வேண்டும். சீனிச்சாமி வழக்கமான கோரிக்கையோடு வந்தான்.

“அக்கா, முடி.”

“இன்னிக்கு முடி கிடையாது சீனி.”

“கொஞ்சமா வைங்க போதும். முன்னாடி மட்டும்.”

“ஒன்னும் கிடையாது. போய் நில்லு.”

கடைசியாகக் குடியிருப்பின் தலைவி மெஹருன்னிசாவே வந்தார். ஐம்பது வயதுக்காரர், எதற்கும் கலங்காதவர் என்று பெயர் எடுத்தவர். “எனக்கு ஒன்னும் வேணாம்மா” என்று ஆரம்பித்தார். “இந்தக் கண்ணுக்குக் கீழே இருக்கிறதை மட்டும்…”

“தலைவியம்மா, நீங்களுமா?”

மெஹருன்னிசா வெட்கப்பட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

நப்பின்னை படம் எடுத்தாள். திரையில் பார்த்தபோது விரல் துறுதுறுத்தது. மரத்துக்குப் பின்னால் ஒரு காற்றுக்குழாய் குறுக்கே ஓடியது. ஒரு கிளையில் இலை கருகியிருந்தது. மனிதர்கள் எல்லாம் ஒட்டிய கன்னமும் வெளிறிய தோலுமாக, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார்கள். சீனிச்சாமியின் வழுக்கையில் ஒரு பூ வந்து உட்கார்ந்திருந்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பார்க்கப் பார்க்க அந்தப் படம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் தொடாமல் அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. வாரியத்தின் சார்பில் பேசியவர் இன்னாசிமுத்து என்ற அதிகாரி. நல்ல மனிதர், செங்காட்டின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு பாசம். திரையில் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. எல்லாரும் சமையற்கூடத்தில் கூடி அவர் பேச்சைக் கேட்டார்கள்.

“வணக்கம். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க படம் தொட்ட படம்னு சான்றுக்கண் சொல்லிடுச்சு. நானும் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், அதே பதில்தான்.”

மருதவாணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினாள்.

“காரணத்தையும் சொல்லிடறேன்” என்று தொடர்ந்தார் இன்னாசிமுத்து. “முதல்ல, பூ தொங்கற விதம் தப்பு. மரமல்லி கீழேதான் தொங்கும். இங்க லட்சக்கணக்கான படம் பார்த்தாச்சு. எடை குறைஞ்ச இடத்துல அது பூத்த படம் எங்ககிட்ட ஒன்னுகூட இல்லை. ரெண்டாவது, வெளிச்சம். இருபது வருஷமா உங்க ஊர்லேர்ந்து வர்ற எல்லாப் படத்துலயும் வானம் நீலமா இருக்கு. இதுல காவியா இருக்கு. மூனாவதுதான் முக்கியம். மரத்தடியில நிக்கறது உங்க ஊர்க்காரங்களே இல்லை. உங்க ஒவ்வொருத்தர் முகமும் எங்ககிட்ட இருக்கு, நீங்க வீட்டுக்கு அனுப்பின படத்துல. எல்லாரும் கொழுகொழுன்னு இருப்பீங்க. அந்தச் சமையல்காரருக்கு எவ்வளவு முடி! யாரோ உக்காந்து மெனக்கெட்டு உங்க அழகையெல்லாம் குறைச்சிருக்காங்க. ஏன் அப்படிப் பண்ணினாங்கன்னுதான் எங்களுக்குப் புரியலை. இன்னும் ஒரு தடவை அனுப்பலாம். தயவுசெஞ்சு இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி அனுப்புங்க.”

திரை அணைந்தது.

“உண்மையைச் சொல்லிடுவோம்” என்றான் மருதவாணன். “ஊருக்கு அனுப்பினதெல்லாம் ஒப்பனை, இதுதான் நிஜம்னு சொல்லிடுவோம்.”

சீனிச்சாமி எழுந்தான். சாதாரணமாக அவன் கூட்டத்தில் பேச மாட்டான்.

“அண்ணே, எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. என் படத்தை மூஞ்சிக்கிட்ட வெச்சுத்தான் பார்க்கும். ‘என் புள்ள குண்டாயிட்டான், நல்ல சாப்பாடு போடறாங்க’ன்னு தெருவெல்லாம் சொல்லுமாம். இருபது வருஷமா பொய்னு தெரிஞ்சா அது தாங்காது அண்ணே. வேணாம்.”

ஒவ்வொருவர் மனதிலும் பூமியில் இருக்கும் ஒரு முகம் வந்து நின்றது.

“அது மட்டும் இல்லை மருது” என்றார் மெஹருன்னிசா. “அனுப்பினதெல்லாம் பொய்னு நாமளே ஒத்துக்கிட்டா, இது ஒன்னு மட்டும் நிஜம்னு எவன் நம்புவான்?”

மருதவாணன் எழுந்து விடுவிடுவென்று படியேறி மேலே போய்விட்டான். நப்பின்னை பின்னாலேயே போனாள்.

மரத்தடியில் வெள்ளைப் பாய் விரித்த மாதிரி பூ உதிர்ந்து கிடந்தது. மேலே இருப்பவையும் இன்னும் இரண்டு மூன்று நாட்களுக்குத்தான். அவன் தரையில் உட்கார்ந்து உதிர்ந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எல்லாம் என்னாலதான்” என்றாள். “உன் மரத்துக்கு நான்தான் எமன்.”

“ஆமா” என்றான் அவன். பிறகு அது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். “எல்லாரும் கேட்டாங்க, நீ பண்ணினே. நான்கூட எங்க அண்ணனுக்கு ஒரு படம் அனுப்பினேன். நீ கன்னத்துல சதை வெச்சே. நான் வேணாம்னு சொல்லலை.”

ஒரு பூ அவர்கள் இருவருக்கும் நடுவே சுழன்று சுழன்று இறங்கியது. அது தரையைத் தொடும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இறங்கி முடிக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் மருதவாணன் மனது மாறியிருக்க வேண்டும்.

“தொட்டுக்கோ” என்றான்.

“நிஜமாவா?”

“மரம் இருக்கணும் பின்னை. அவ்வளவுதான்.”

நப்பின்னை கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிடிபட்டால் மரம் நிச்சயமாகப் போகும் என்பது அவளுக்கு உறைத்தது. பிறகு வேலை அவளை இழுத்துக்கொண்டது.

அவள் வெளிச்சத்திலிருந்து ஆரம்பித்தாள். படத்தில் ஊறியிருந்த காவியைத் துணியைப் பிழிவதுபோல் பிழிந்து எடுத்தாள். அந்த இடத்தில் இருபது வருடங்களாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே நீலத்தை விட்டாள். கருகிய இலையைப் பச்சையாக்கினாள், காற்றுக்குழாயை அழித்து அந்த இடத்தில் இன்னொரு கிளையை ஓடவிட்டாள். அடுத்தது பூக்கள். அவற்றை மொத்தமாகக் கவிழ்த்தால் மாட்டிக்கொள்வாள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அதற்குப் பூமியில் எவ்வளவு எடை இருக்குமோ அவ்வளவு எடையை மனதுக்குள் கட்டி, காம்பு எந்த இடத்தில் வளையும், இதழ் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துப் பார்த்துத் தலை குனிய வைத்தாள். காற்றே இல்லாத படத்தில் லேசாக ஒரு காற்றை வீச விட்டாள். நாலைந்து பூக்கள் நடுவானில் விழுந்துகொண்டிருந்தன. மெஹருன்னிசாவின் கண்ணுக்குக் கீழே இருந்ததைத் துடைத்தாள். புதுமாப்பிள்ளையை ஒரு விரற்கடை உயர்த்தினாள். சீனிச்சாமிக்கு முடி வைத்தாள். முன்னாலும் வைத்தாள், பின்னாலும் வைத்தாள். அந்த முடியில் பூவைத் திரும்ப உட்கார வைக்கவும் மறக்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் படம் அபாரமாக வந்திருந்தது. ஒவ்வொரு பூவும் இந்த மரத்துப் பூதான்; ஒவ்வொரு சிரிப்பும் அந்த நிமிடத்துச் சிரிப்புதான். அவள் கை அவற்றை எல்லாம் இன்னொரு உலகத்துக்குக் குடிபெயர்த்திருந்தது, அவ்வளவே. ஏழு கடல் தாண்டியும் அப்படி ஒரு கை கிடைக்காது.

முடித்து எழுந்தபோது மூலைக் கிளையில் ஒரே ஒரு பூ இன்னும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அதையும் கவிழ்க்கக் கையை நீட்டியவள், மனம் கேட்காமல் அப்படியே விட்டுவிட்டாள். ஒன்றாவது உள்ளபடி இருக்கட்டும் என்று தோன்றியது. அது அசட்டுத்தனம் என்றும் தோன்றியது. யோசித்தால் மாற்றிவிடுவோம் என்று உடனே அனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு நாள் செங்காட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நப்பின்னை வானத்தை மாட்ட மறந்துபோனாள், யாரும் குறை சொல்லவும் இல்லை.

இன்னாசிமுத்து இந்தத் தடவை சிரித்துக்கொண்டே திரையில் வந்தார்.

“செங்காட்டுக்கு வாழ்த்துகள்! இப்படி ஒரு படத்தை வெச்சுக்கிட்டு ஏன் முதல்ல அதை அனுப்பினீங்க? சான்றுக்கண் உங்க படத்தைத் தொடப்படாத படம்னு சொல்லிடுச்சு. வானம் சரி, முகம் சரி, பூ சரி. மூலையில ஒரே ஒரு பூ மட்டும் இயற்கைக்கு மாறா நிமிர்ந்து நிக்குதாம். ஒரு பூவுல அப்படிப் பிழை இருக்கறது சகஜம்தான்னு அதையும் மன்னிச்சு விட்டுடுச்சு. மரம் உங்களுக்கே. தண்ணியும் கூட்டிக் குடுக்கச் சொல்லி உத்தரவு.”

கூடத்தில் எழுந்த கூச்சலில் அதற்குப் பிறகு அவர் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. மெஹருன்னிசா சீனிச்சாமியைக் கட்டிக்கொண்டு குதித்தார். மருதவாணன் மனைவியின் கையைப் பிடித்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூச்சல் அடங்கியபோது இன்னாசிமுத்து கடைசிச் செய்திக்கு வந்திருந்தார்.

“படம் இங்க எல்லார் கையிலயும் இருக்கு. பார்த்தவங்க எல்லாரும் கிளம்பணும்ங்கறாங்க. அடுத்த கப்பல்ல வாரியத் தலைவரோட ஒரு குழு வருது. வேற ஒன்னும் இல்லை, அதே இடத்துல நின்னு, அதே மாதிரி ஒரு படம் எடுத்துக்கணுமாம்.”

அன்று சாயங்காலம் செங்காட்டு மக்கள் எல்லாரும் ஒரே குரலில் நப்பின்னையிடம் ஒன்று கேட்டார்கள். குற்றாலம் வேண்டாம், கொடைக்கானல் வேண்டாம். வான்திரையில் அந்த மரமல்லிப் படத்தை மாட்ட வேண்டும். மாட்டினாள். வீட்டுக்கு வீடு நீல வானத்துக்குக் கீழே வெள்ளைப் பூ தொங்கியது. எல்லாரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாய் ஓயாமல் அதைப் புகழ்ந்தார்கள். நான்காம் வரிசைக்காரர் மட்டும் ஒரு குறை சொன்னார். “மேலே போய் மரத்தைப் பார்த்தேம்மா. படத்துல இருக்கிற மாதிரி இல்லை. ஏதாவது பண்ண முடியுமா?”

நப்பின்னை படியேறி மேலே போனாள். திடலில் ஓர் ஆளையும் காணவில்லை. காவி மங்கும் நேரம்; கடைசியாக மிஞ்சிய பூக்கள் அவிழ்ந்து, பெயர் இல்லாத அந்த நிறத்தில் நாலா பக்கமும் முகம் காட்டிக்கொண்டிருந்தன. வாசனை படிக்கட்டிலேயே எதிர்கொண்டது. அவள் ஒரு நிமிடம் நின்று ஆசை தீர மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ஏணியைப் பார்த்தாள். ஏணியின் மேல் மருதவாணன் நின்றிருந்தான். இடுப்பில் ஒரு நூல்கண்டு, வாயில் ஒரு துண்டு நூல். சட்டைப்பை நிறையப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்ன இரும்பு மரைகள். ஒரு பூவின் காம்பைச் சுற்றி நூலைப் போட்டு, ஒரு மரையைக் கட்டி மெல்ல விட்டான். பூ பணிவாகத் தலை குனிந்தது.

“மருது! என்ன பண்றே?”

“வர்றவங்க அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்து ஏமாந்துடக் கூடாதில்ல? அடுத்த தடவை பூக்கறதுக்குள்ள கை பழகிடணும்.” அவன் வாயிலிருந்து நூலை எடுத்தான். “எவ்வளவு எடை கட்டணும்னு இப்பத்தான் பிடிபட்டுது. பாரு, அச்சு அசலா உன் படத்துல இருக்கிற மாதிரியே வருது.”

அவள் பார்த்தாள். அவன் கட்டி முடித்திருந்த கொத்துகள் எல்லாம் வரிசையாகத் தலை குனிந்திருந்தன. மூலைக் கிளையில் ஒரே ஒரு பூ மட்டும் நூலும் இல்லாமல் மரையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது.

“அதை ஏன் விட்டுட்டே?”

“அதைத் தொடக் கூடாது பின்னை” என்றான் அவன் கண்டிப்பாக. “படத்துல அது அப்படித்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு மணிக்கட்டில் இருந்த திரையை உயர்த்தி, படத்தையும் கிளையையும் மாறி மாறி ஒப்பிட்டுப் பார்த்தான். அப்போது உச்சியிலிருந்து ஒரு பூ விடுபட்டு, காம்பைச் சுழற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்து அவனுடைய திரையின் மேல் உட்கார்ந்தது.

“மறைக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டே மருதவாணன் அதை ஊதித் தள்ளினான்.